38 மாவட்டம் போட்டா 19 பேருதான் தெரியுது!

போன இதழ்ல "எக்ஸெல் சார்ட்ல ஏதாச்சும் சந்தேகம் இருந்தா எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். வந்ததுல முக்கால்வாசி ஒரே மாதிரி கேள்வி. நாலஞ்சு பேரை வச்சு சார்ட் போடும்போது அழகா வருது, அதே முப்பது நாப்பதுன்னு ஆனதும் பேரு காணாம போகுது, கலர் குழம்புது, பட்டை குச்சி குச்சியா ஆயிடுது. அதனால இந்த தடவை முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார் வணக்கம். எங்க தொண்டு நிறுவனத்துக்காக மாவட்டவாரியா மக்கள்தொகை சார்ட் போட்டேன். ஏ காலம்ல (நெடுவரிசைல) 38 மாவட்டம், பி காலம்ல 2011 சென்சஸ் எண்ணிக்கை. நிக்கிற பட்டையா போட்டா கீழ பேரெல்லாம் சாஞ்சுகிட்டு நிக்குது, அதுலயும் ஒண்ணு விட்டு ஒண்ணுதான் வருது, எண்ணிப் பாத்தா 19 பேரு. எழுத்தை 6 சைஸ் ஆக்கினா எல்லாம் வருது, ஆனா பிரிண்ட்ல படிக்க முடியல. அதோட ஆறு மாவட்டத்துக்கு பட்டையே இல்ல. எக்ஸெல்ல கோளாறா, என் டேட்டால கோளாறா? – அலுவலக உதவியாளர், விழுப்புரம்

பதில்: தம்பி, ரெண்டும் வேற வேற பிரச்சனை. முதல்ல பேரு விஷயம்.

எக்ஸெல் எதையும் அழிக்கல, இடம்தான் பத்தல. இடம் பத்தலன்னா அதுவா ஒண்ணு விட்டு ஒண்ணு எழுதிக்கும், இன்னும் நெருக்கினா ரெண்டு விட்டு ஒண்ணு. கணக்கு போட்டா உங்களுக்கே புரியும். ஏ4 தாளை படுக்க வச்சா அகலம் 29.7 சென்டிமீட்டர், மார்ஜின், ஓரத்துல நம்பர் வர்ற இடமெல்லாம் போக 25 சென்டிமீட்டர் கிடைக்குதுன்னு வச்சுக்குங்க. அதை 38 ஆல வகுத்தா ஒரு மாவட்டத்துக்கு ஆறரை மில்லிமீட்டர். அந்த ஆறரை மில்லிமீட்டருக்குள்ள கள்ளக்குறிச்சின்னு எழுதணும், திருவண்ணாமலைன்னு எழுதணும், எங்க எழுதுறது? அதான் முதல்ல சாய்க்குது, அப்புறம் நட்டுக்குத்தலா நிமித்துது, அதுக்கும் முடியலன்னா விட்டுடுது.

இப்ப அதே தாளை நிமித்தி வச்சு பட்டையை படுக்கப் போடுங்க. உயரம் 25 சென்டிமீட்டர், 38 வரி, ஒரு வரிக்கு அதே ஆறரை மில்லிமீட்டர். ஆனா இப்ப அந்த ஆறரைக்குள்ள எழுத்தோட உயரம் மட்டும் அடங்கினா போதும். 10 பாயின்ட் எழுத்து மூணரை மில்லிமீட்டர் சொச்சம். கி, கு மாதிரி மேலயும் கீழயும் இழுக்கிற நம்ம எழுத்துக்கே தாராளம். பேரு எவ்வளவு நீளமா இருந்தாலும் இடது பக்கம் நேரா படுத்திருக்கும், கழுத்தை சாய்க்காம படிக்கலாம்.

செய்யறது இப்படி. முதல்ல சார்ட்டை விட்டுட்டு டேட்டாவுக்குப் போங்க, பி காலத்தை வச்சு பெருசுல இருந்து சிறுசா வரிசைப்படுத்துங்க. அகர வரிசை அட்டவணைக்கு நல்லது, பட்டைக்கு அளவு வரிசைதான் நல்லது, பாக்கிறவரு கண்ணு மேலயிருந்து கீழ வழுக்கிட்டு போகணும். அப்புறம் சார்ட்டை கிளிக் பண்ணி சேஞ்ச் சார்ட் டைப் போய் பார், அதுல கிளஸ்டர்டு பார். ஃபார்மேட் டேபோட வலது ஓரத்துல உயரம் இருக்கும், அதுல 24 சென்டிமீட்டர்னு அடிங்க. நிறைய பேரு இதைத்தான் செய்ய மாட்டேங்கறாங்க, எக்ஸெல் தர்ற சின்ன பெட்டிக்குள்ளயே எல்லாத்தையும் திணிக்கிறாங்க. அடுத்து மாவட்டப் பேரு மேல டபுள் கிளிக் பண்ணா வலது பக்கம் ஃபார்மேட் ஆக்சிஸ் திறக்கும், அதுல லேபிள்ஸ்ங்கற பகுதில இன்டர்வல் ஆட்டோமேட்டிக்னு இருக்கும், அதை மாத்தி ஸ்பெசிஃபை இன்டர்வல் யூனிட் 1. இனிமே ஒரு பேரையும் விடாது.

இப்ப பாத்தா பெரிய மாவட்டம் அடில, சின்னது உச்சில, தலைகீழா நிக்கும். பயப்படாதீங்க, பார் சார்ட் கீழயிருந்துதான் எண்ண ஆரம்பிக்கும். அதே ஃபார்மேட் ஆக்சிஸ்ல கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போடுங்க. போட்டதும் கீழ இருந்த நம்பரெல்லாம் மேல ஏறிடும், அது பிடிக்கலன்னா பக்கத்துலயே அட் மேக்ஸிமம் கேட்டகரின்னு இருக்கறதை தேர்ந்தெடுங்க, கீழ இறங்கிடும். கடைசியா பட்டை மேல ரைட் கிளிக், ஃபார்மேட் டேட்டா சீரிஸ், கேப் விட்த். புது எக்ஸெல்ல அது 182 சதவீதம்னு இருக்கும், 50க்கு கொண்டு வாங்க, பட்டை கொஞ்சம் சதை போடும்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல. 1786ல வில்லியம் பிளேஃபேர்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு சார்ட் போட்டார், ஸ்காட்லாந்து ஒரே வருஷத்துல 17 இடங்களோட பண்ண ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு. பட்டை சார்ட்னு இன்னிக்கு நாம சொல்றதுக்கெல்லாம் முன்னோடி அதுதான். அவரும் 17 பேரை ஒண்ணுக்கு கீழ ஒண்ணா எழுதி பட்டையை படுக்கத்தான் போட்டிருக்கார்.

பேரை விடக்கூடாதுன்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு கூட்டத்துல இதே மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு பேரு வந்த சார்ட்டை பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த பெரியவரு கரூர்க்காரர். விரலை வச்சு அரியலூர், இராமநாதபுரம், கடலூர்னு ஒவ்வொண்ணா தடவிட்டே வந்தாரு, கடலூருக்கு அடுத்து கள்ளக்குறிச்சி. திரும்ப முதல்ல இருந்து தடவினாரு. அப்புறம் தாளை மடிச்சு பைல வச்சுட்டாரு, ஒண்ணும் கேக்கல. அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல பேரில்லாம நின்ன பட்டைதான் கரூர். நான் சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன், அது இன்னும் மனசுல இருக்கு.

சரி, அந்த ஆறு மாவட்டம். அது டேட்டா விஷயம் தம்பி, சார்ட்ல கை வைக்காதீங்க. 2011 சென்சஸ் எடுத்தப்ப தமிழ்நாட்டுல இருந்தது 32 மாவட்டம். கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் அஞ்சும் 2019ல வந்தது, மயிலாடுதுறை 2020ல. அதனாலதான் அவங்களுக்கு எண்ணிக்கை காலியா இருக்கு. இதுல பெரிய ஆபத்து காலியா இருக்கறது இல்ல, நிரம்பி இருக்கறது. வேலூருக்கு நேரா வர்ற 39 லட்சம் இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ரெண்டையும் சேத்த கணக்கு. உங்க விழுப்புரத்துக்கு வர்ற 34.6 லட்சம் கள்ளக்குறிச்சியையும் சேத்தது. 38 பேரு பட்டியல்ல இந்த நம்பரைப் போட்டா இன்னிக்கு விழுப்புரத்துலயே அவ்வளவு ஜனம்னு ஆயிடும். ஒண்ணு பழைய 32 மாவட்டத்தையே போட்டு "2011 எல்லைப்படி"ன்னு தலைப்புல எழுதுங்க, இல்லன்னா தாலுகா வாரியா எடுத்து புது எல்லைக்கு கூட்டிப் போடுங்க. அவசரம்னா முதல் வழியே போதும்.

கேள்வி: சார், நான் காலேஜ் ப்ராஜெக்டுக்கு மக்கள் நெருக்கம் சார்ட் போட்டேன், 2011 கணக்கு, 32 மாவட்டம், பட்டையை படுக்கத்தான் போட்டேன். சென்னை மட்டும் கடைசி வரைக்கும் நீளமா போகுது, மத்த 31ம் ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. எங்க மாவட்டம் ரெண்டாவது இடம், ஆனா பாத்தா தெரியல. பிரெண்டு லாக் ஸ்கேல் போடச் சொல்றான். போடலாமா? – மாணவி, நாகர்கோவில்

பதில்: போடாதம்மா. பட்டை சார்ட்டுக்கு லாக் ஸ்கேல், அதாவது 1, 10, 100னு பத்து பத்து மடங்கா ஏறுற அச்சு, வேண்டாம்.

2011ல சென்னைல சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேரு, அடுத்து உங்க கன்னியாகுமரி 1,111, மாநில சராசரி 555. எக்ஸெல் அச்சை 30,000 வரைக்கும் வச்சு அதுக்கு தாள்ல 15 சென்டிமீட்டர் குடுத்தா கன்னியாகுமரி அஞ்சரை மில்லிமீட்டர், மாநில சராசரி மூணு மில்லிமீட்டர் கூட இல்ல, நீலகிரி ஒண்ணரை. நீ பாத்தது சரிதான். லாக் போட்டா என்ன ஆகும்னா அச்சு 1ல தொடங்கினா கன்னியாகுமரி பட்டை சென்னை பட்டைல 70 சதவீதம் நீளத்துக்கு வளந்து நிக்கும். உண்மைல சென்னை 24 மடங்கு. பட்டைன்னா ஜனங்க நீளத்தைத்தான் பாப்பாங்க, கீழ அச்சுல 1, 10, 100, 1000னு எழுதியிருக்கறதை யாரு பாக்கறா.

அச்சோட மேக்ஸிமத்தை 1,200னு நீயே குறைச்சு வைக்கிறதும் ஆபத்து, சென்னை பட்டை ஓரத்துல வெட்டுப்பட்டு நிக்கும், வெட்டினதுக்கு அடையாளமே இருக்காது, ஏதோ கன்னியாகுமரியை விட கொஞ்சம்தான் கூடன்னு நினைச்சுப்பாங்க. நான் செய்யறது ரெண்டு சார்ட். மேல சின்னதா சென்னை, கன்னியாகுமரி, மாநில சராசரி மூணு பட்டை, அது சென்னை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு காட்டும். கீழ பெருசா சென்னை இல்லாம 31 மாவட்டம், தலைப்புலயே "சென்னை நீங்கலாக"ன்னு போட்டுடு. உங்க மாவட்டம் அதுல முதல் வரில வரும்.

கேள்வி: அண்ணா, எங்க அபார்ட்மென்ட் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். வருஷ செலவு 22 தலைப்பு, பை சார்ட் போட்டா பாதி துண்டு கோடு மாதிரி வருது, நம்பரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. பை ஆஃப் பைன்னு ஒண்ணு இருக்கே, அது சரியா வருமா? – கோயம்புத்தூர்

பதில்: 22 துண்டுக்கு பை தாங்காதுங்க. நாலு, மிஞ்சினா அஞ்சு துண்டு வரைக்கும்தான் அதுக்கு அழகு. கோணத்தை ஒப்பிடுறது நம்ம கண்ணுக்கு கஷ்டம், நீளத்தை ஒப்பிடுறது சுலபம். பை ஆஃப் பை போட்டா பெரிய வட்டத்துல "மற்றவை" ஒரு துண்டாகி, அது பக்கத்துல இன்னொரு வட்டமா விரியும். கூட்டத்துல அதைக் காட்டினா ரெண்டாவது வட்டத்துல பாதியா இருக்கறதைப் பாத்து "செலவுல பாதி இதுக்கா போச்சு"ன்னு ஒருத்தர் கண்டிப்பா எந்திரிச்சு கேப்பாரு. கேக்கறது நியாயம்தான், படம் அப்படித்தான் காட்டுது.

செலவை பெருசுல இருந்து சிறுசா அடுக்கி முதல் ஏழெட்டு தலைப்பை அப்படியே வச்சு மிச்சத்தை மற்றவைன்னு கூட்டி படுக்கைப் பட்டையா போடலாம். மற்றவைங்கற பட்டை மத்த எல்லாத்தையும் விட நீளமா வந்துட்டா நீங்க அதிகமா சேத்துட்டீங்கன்னு அர்த்தம், ரெண்டு மூணு தலைப்பை வெளிய எடுங்க. அதை எப்பவும் கடைசில வைங்க, அளவு எவ்வளவு இருந்தாலும்.

ஆனா உங்க வேலைக்கு நான் சார்ட்டே வேண்டாம்பேன். சங்கக் கணக்குல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு தலைப்பு மேல கண்ணு, ஒருத்தருக்கு லிஃப்ட், ஒருத்தருக்கு தண்ணி லாரி, மற்றவைக்குள்ள எதைப் போட்டாலும் கேள்வி வரும். 22 தலைப்பையும் அட்டவணையாவே வச்சுக்கிட்டு ரூபாய் காலத்தை செலக்ட் பண்ணி ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், டேட்டா பார்ஸ், அதுல சாலிட் ஃபில். செல்லுக்குள்ளயே பட்டை வந்துடும், நம்பரும் இருக்கும், ஒரு தலைப்பும் விட்டுப்போகாது. கடைசி டோட்டல் வரியை மட்டும் செலக்ட் பண்ணாதீங்க, அதைச் சேத்தா அது ஒண்ணே முழு நீளத்துக்கு போய் மத்ததெல்லாம் சுருங்கிடும்.

கேள்வி: எட்டாம் வகுப்புல 36 பிள்ளைங்க, அஞ்சு தேர்வு மார்க். லைன் சார்ட் போட்டா முதல்ல அஞ்சு கோடுதான் வந்தது, கீழ பிள்ளைங்க பேரு. ஸ்விட்ச் ரோ காலம் அமுக்கினேன், 36 கோடு வந்து நூல்கண்டு மாதிரி சிக்கிக்கிச்சு, ஒரே கலர் அஞ்சாறு பேருக்கு வருது. ஸ்கூல் முழுக்க 400 பேருக்கும் போடலாம்னு பாத்தா எக்ஸெல் மறுக்குது. – ஆசிரியை, தேனி

பதில்: டீச்சர், வரி அதிகமா இருக்கா நெடுவரிசை அதிகமா இருக்கான்னு பாத்து அதிகமா இருக்கறதைத்தான் எக்ஸெல் கீழ அச்சுல வைக்கும், அதான் பிள்ளைங்க கீழ போயிட்டாங்க. நீங்க ஸ்விட்ச் பண்ணது சரி. 400 ஏன் வரலன்னா ஒரு சார்ட்ல 255 சீரிஸ், அதாவது 255 கோடுதான் அனுமதி. கலர் விஷயம், எக்ஸெல் தீம்ல இருக்கறதே ஆறு கலர், ஏழாவது கோட்டுக்கு அதே ஆறை கொஞ்சம் இருட்டாக்கியும் வெளுப்பாக்கியும் திரும்ப எடுத்துக்கும். கண்ணு தனித்தனியா பிரிச்சுப் பாக்கறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், 36 கலரை நீங்களே தேர்ந்தெடுத்துப் போட்டாலும் பலன் இருக்காது.

ஒவ்வொரு பிள்ளையும் ஏறுதா இறங்குதான்னுதானே உங்களுக்குத் தெரியணும்? அதுக்கு ஸ்பார்க்லைன்னு செல்லுக்குள்ளயே வர்ற சின்னக் கோடு இருக்கு, எக்ஸெல் 2010ல இருந்தே. பேரு ஏ காலத்துல, மார்க் பியிலிருந்து எஃப் வரைக்கும் இருந்தா, ஜி2 முதல் ஜி37 வரைக்கும் செலக்ட் பண்ணி இன்சர்ட், ஸ்பார்க்லைன்ஸ், லைன், டேட்டா ரேஞ்சுக்கு பி2 முதல் எஃப்37. ஒவ்வொரு பேருக்கு நேரா ஒரு குட்டிக் கோடு, 36 பேருக்கும் அவங்கவங்க வரில.

ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க. ஸ்பார்க்லைன் தானா ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி அளவு வச்சுக்கும். 71ல இருந்து 75க்கு போன பிள்ளையும் 20ல இருந்து 80க்கு ஏறின பிள்ளையும் ஒரே மாதிரி ஏறின மாதிரி தெரியும். அறுபது மார்க் ஏறின அந்தப் பிள்ளையோட உழைப்பு அப்படியே மறைஞ்சு போயிடும் டீச்சர். ஸ்பார்க்லைன் டேப்ல ஆக்சிஸ் போய் மினிமம், மேக்ஸிமம் ரெண்டுக்கும் சேம் ஃபார் ஆல் ஸ்பார்க்லைன்ஸ் வைங்க. ஒரே ஒரு பிள்ளையோட அப்பா அம்மாகிட்ட காட்டணும்னா 36 கோட்டையும் வெளுத்த சாம்பல் ஆக்கிட்டு அந்தப் பிள்ளை கோட்டை மட்டும் தடிச்சு கலர்ல விடுங்க, அப்ப லைன் சார்ட்டும் உதவும், மத்த பிள்ளைங்க பேரை எடுத்துடுங்க.

அதை வேர்டுல ஒட்டி அனுப்பறதா இருந்தா பேஸ்ட் ஆப்ஷன்ல பிக்சர்னு போட்டே ஒட்டுங்க. எம்பெட்னு இருக்கறதுல ஒட்டினா சார்ட்டோட சேந்து முழு ஒர்க்புக்கும் உள்ள போயிடும், வாங்கினவங்க சார்ட்டை திறந்தா 36 பிள்ளைங்க மார்க்கும் தெரியும்.

கேள்வி: வாரச்சந்தைல நாட்டுக்கோழி விலை ரெண்டு வருஷமா எழுதி வச்சிருக்கேன், 104 வாரம். பட்டை போட்டா நூல் மாதிரி மெல்லிசா வருது, கேப் விட்த்தை குறைச்சும் சரியாகல. – மணப்பாறை பக்கம்

பதில்: அண்ணே, உங்க தேதியைப் பாத்ததும் எக்ஸெல் அதை காலண்டரா எடுத்துக்கிச்சு. வாரத்துல ஒரு நாளுக்குத்தான் விலை இருக்கு, மிச்ச ஆறு நாளுக்கும் இடம் ஒதுக்கி காலியா விட்டிருக்கு. பட்டைக்கு ஏழுல ஒரு பங்கு இடம்தான். தேதி அச்சை டபுள் கிளிக் பண்ணி ஆக்சிஸ் டைப்ல டெக்ஸ்ட் ஆக்சிஸ் வைங்க, பட்டை தடிச்சுடும். ஆனா விலைக்கு பட்டையை விட கோடுதான் பொருத்தம், கோடு போட்டா டேட் ஆக்சிஸையே வச்சுக்குங்க, சந்தை கூடாத வாரம் இருந்தா அந்த இடைவெளி அப்படியே தெரியணும்.

இங்க 104 தேதியும் எழுதணும்னு அவசியம் இல்ல. மேல விழுப்புரத்து தம்பிகிட்ட ஒரு பேரையும் விடாதீங்கன்னு சொன்னேன், உங்ககிட்ட மாசத்துக்கு ஒண்ணு போதும்னு சொல்றேன். ஜனவரியும் மார்ச்சும் எழுதியிருந்தா நடுவுல பிப்ரவரின்னு குழந்தைக்கும் தெரியும். கடலூரும் கள்ளக்குறிச்சியும் எழுதியிருந்தா நடுவுல என்னன்னு யாரு ஊகிக்க முடியும்? விடலாமா கூடாதாங்கறதுக்கு எனக்கு இதுதான் அளவுகோல்.

தேதியை 12.05.2024னு புள்ளி வச்சு அடிச்சிருந்தீங்கன்னா நம்ம ஊர் செட்டிங்ல எக்ஸெல் அதை தேதியாவே எடுக்காது, செல்லுல இடது பக்கம் ஒட்டி நிக்கும். டேட்டா டேப்ல டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் மூணாவது கட்டத்துல டேட், டிஎம்ஒய் (நாள், மாசம், வருஷம்) குடுத்தா மாறிடும்.

கேள்வி: ஐயா, களத்துல இருந்து வந்த விண்ணப்பத்தை பைவட் டேபிள் (தானா கூட்டித் தர்ற சுருக்க அட்டவணை) போட்டு சார்ட் எடுத்தா 43 மாவட்டம் வருது! – கணினி ஆபரேட்டர், திருவாரூர்

பதில்: அனுப்பின லிஸ்டைப் பாத்தேன். கோயம்புத்தூர் ஒரு பட்டை, கோவை ஒரு பட்டை. திருநெல்வேலி, நெல்லை. தருமபுரி, தர்மபுரி. இராமநாதபுரம், ராமநாதபுரம். அஞ்சாவது ரெண்டு மதுரை, அதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆச்சு, ஒரு மதுரைக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒளிஞ்சிருக்கு.

ஸ்பேஸுக்கு டிரிம் ஃபார்முலா போதும். வெப்சைட்ல இருந்து காப்பி பண்ண டேட்டான்னா டிரிமுக்கும் அடங்காத ஒரு ஸ்பேஸ் வரும், அதோட நம்பர் 160, அதை சப்ஸ்டிட்யூட் ஃபார்முலால CHAR(160)ஐக் குடுத்து எடுக்கணும். ஊர்ப் பேருக்கு குறுக்குவழி இல்ல. தனி ஷீட்ல இடது பக்கம் வந்த பேரு, வலது பக்கம் சரியான பேருன்னு ஒரு அட்டவணை எழுதி விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலால மாத்துங்க. முதல் தடவை அரை மணி நேரம் ஆகும், அப்புறம் எல்லா மாசமும் உதவும். இனிமே பதியறவங்களுக்கு டேட்டா வேலிடேஷன்ல 38 பேரையும் லிஸ்டா குடுத்துடுங்க, அடிக்க வேண்டாம், எடுத்தா போதும். திருத்தினப்புறம் ரிஃப்ரெஷ் ஆல் அமுக்கணும், பைவட் பெரும்பாலும் தானா மாறாது. அப்பவும் ஃபில்டர் பட்டியல்ல பழைய கோவை நிக்கும், பைவட் டேபிள் ஆப்ஷன்ஸ், டேட்டா, ஐட்டம்ஸ் டு ரீட்டெயின், அதை நன் (None) ஆக்கி இன்னொரு தடவை ரிஃப்ரெஷ்.

அவசரப்பட்டு சின்னப் பட்டையை டெலீட் மட்டும் பண்ணிடாதீங்க. நெல்லைன்னு எழுதினவங்களும் விண்ணப்பம் போட்டவங்கதான்.

கேள்வி: ஸ்கூல்ல எக்ஸெல் இல்ல, லிப்ரே ஆபிஸ்தான் இருக்கு. அதுல இன்டர்வல் யூனிட்டை காணோமே? – கணினி ஆசிரியர், புதுக்கோட்டை

பதில்: சார்ட்டை டபுள் கிளிக் பண்ணி அச்சு மேல ரைட் கிளிக், ஃபார்மேட் ஆக்சிஸ், லேபிள் டேப். அதுல ஓவர்லேப்னு இருக்கறதுக்கு டிக் போட்டா எந்தப் பேரையும் விடாது. டிக் போட்டு உயரத்தையும் கூட்டுங்க, இல்லன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். தலைகீழ் வரிசைக்கு ஸ்கேல் டேப்ல ரிவர்ஸ் டைரக்ஷன்.

கேள்வி: அண்ணா வணக்கம். 25 மாவட்டத்துக்கும் சார்ட் கீறினனான், மாகாணமும் சேத்துக் காட்ட வேணும், எப்பிடிச் செய்யிறதெண்டு விளங்கேல்ல. இன்னொண்டு, அட்டவணையில தமிழ் வடிவாத் தெரியுது, சார்ட்டுக்குள்ள போனா ஆங்கில எழுத்தெல்லாம் கலந்து வருது. – யாழ்ப்பாணம்

பதில்: தங்கச்சி, மாகாணம் சேக்கிறது சுலபம். ஏ காலத்துல மாகாணம், பி காலத்துல மாவட்டம், சி காலத்துல எண்ணிக்கை. வடக்கு மாகாணம்னு யாழ்ப்பாணத்துக்கு நேரா ஒரே ஒரு தடவை எழுதுங்க, கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா நாலுக்கும் நேரா ஏ காலத்தை வெறுமையா விடுங்க. கிழக்குக்கு திருகோணமலைல ஒரு தடவை எழுதினா மட்டக்களப்பும் அம்பாறையும் அதுக்குள்ள வந்துடும். மூணு காலத்தையும் சேத்து செலக்ட் பண்ணி சார்ட் போட்டா அச்சுல ரெண்டு அடுக்கா பேரு வரும், மாகாணத்துக்கு மாகாணம் கோடு பிரிச்சு காட்டும். வரலன்னா ஃபார்மேட் ஆக்சிஸ் லேபிள்ஸ்ல மல்டி லெவல் கேட்டகரி லேபிள்ஸ் டிக் இருக்கான்னு பாருங்க. இதுல வரிசைப்படுத்தறது மட்டும் மாகாணத்துக்கு உள்ளயேதான் முடியும். மொத்தமா அடுக்கினா வடக்கு சிதறிப் போயிடும், மாகாணப் பேரு வேற யாருக்கோ ஒட்டிக்கும். அடுக்க முன்னாடி ஏ காலத்துல எல்லா வரிக்கும் மாகாணத்தை நிரப்பிட்டு, முதல்ல மாகாணம், அடுத்து எண்ணிக்கைன்னு ரெண்டு லெவல்ல வரிசைப்படுத்தி, அப்புறம் திரும்ப வெறுமையாக்குங்க. பழைய வருஷக் கணக்கை பக்கத்துல வைக்கிறதா இருந்தா கிளிநொச்சி 1984லதான் தனி மாவட்டம் ஆச்சுங்கறதை ஞாபகம் வச்சுக்குங்க, அதுக்கு முந்தின யாழ்ப்பாண நம்பர் அதையும் சேத்தது.

அந்த எழுத்துப் பிரச்சனை நீங்க பாமினில அடிச்சிருக்கறதால. பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல கணினிக்கு உள்ள இருக்கறது ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் அதுக்கு தமிழ் உருவம் போட்டுக் காட்டுது. சார்ட் தனக்குன்னு வேற ஃபான்ட் வச்சிருக்கறதால உள்ள இருக்கறது அப்படியே தெரியுது. சார்ட் ஓரத்தை கிளிக் பண்ணி ஹோம் டேப்ல பாமினியை தேர்ந்தெடுத்தா இப்போதைக்கு சரியாகும், ஆனா தலைப்புல யூனிகோடு தமிழோ ஆங்கிலமோ கலந்திருந்தா அது கெட்டுப்போகும், அதைத் தனியா மாத்தணும். அகர வரிசையும் பாமினில தப்பாத்தான் வரும், ஆங்கில எழுத்து வரிசைப்படி அடுக்கும். பேரு இருக்கற ரெண்டு காலத்தை மட்டும் யூனிகோடு கன்வர்ட்டர்ல போட்டு மாத்தி ஒட்டிட்டு, அந்த செல்லுக்கெல்லாம் லதா இல்லன்னா நிர்மலா ஃபான்ட் வைங்க. 25 மாவட்டம், 9 மாகாணம், மொத்தம் 34 பேருதான், பத்து நிமிஷ வேலை. மாத்தினதும் முல்லைத்தீவையும் மட்டக்களப்பையும் ஒரு தடவை கண்ணால பாத்துடுங்க, கன்வர்ட்டர்ல உயிர்மெய் இடம் மாறினா இந்த மாதிரி நீளப் பேருலதான் முதல்ல தெரியும்.